தாய் வேலைக்குச் செல்பவரா?

கல்வியியல் படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற பருவத்தில் என் அறைக்கு வந்தாள். கையில் பதினெட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம். "மேடம், தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துக் குடுங்க. பிழை இருந்தா கைடு திட்டுவாரு" என்றாள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் அறிவியல் பாட அடைவைப் பாதிக்கும் காரணிகள் என்பது அவளுடைய ஆய்வுத் தலைப்பு. நீலகிரியில் சில பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும்.

ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டே போனேன். மாணவரின் ஆர்வம், படிக்கும் நேரம், வீட்டில் தனி அறை உண்டா, தாயின் கல்வித் தகுதி, தந்தையின் கல்வித் தகுதி. ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'தாய் வேலைக்குச் செல்பவரா? ஆம் / இல்லை.'

அடுத்த கேள்வி தந்தையின் மாத வருமானம். தந்தை வேலைக்குப் போகிறாரா என்று படிவம் கேட்கவில்லை. அவர் போவார், போனால் வீட்டுக்கு வருமானம் வரும். தாய் போனால் பிள்ளைக்கு மார்க் குறையும். கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நான் திருத்த வேண்டிய பிழை அது அல்ல என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஏனென்றால் என் அம்மா வேலைக்குப் போனவள்.

எமரால்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அதில் கப்பலேறி வந்த குடும்பத்தின் சிறுமி அவள். அங்கே விட்டதும் தேயிலை, இங்கே கிடைத்ததும் தேயிலை. கண்டி மலையில் அவளுடைய பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அந்தப் படிவத்தில் 'தாயின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் அவளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்தான் விழும். பிறகு என் அறிவியல் மார்க்குக்கு அவளே பொறுப்பு என்று அட்டவணை போட்டு நிரூபிப்பார்கள்.

என் பத்தாம் வகுப்பு நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். ஈர விறகு. அம்மா பெரட்டுக்குப் போவதற்குள் அவளுக்கும் அப்பாவுக்கும் சோறு கட்ட வேண்டும். லைனுக்குப் பொதுவான குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் குழாய் உறைந்து கிடக்கும், வெந்நீர் ஊற்றித்தான் திறக்கும். அப்புறம் பஸ். மாலை வந்து சேரும்போது மலையில் இருட்டிவிடும். மறுபடி அடுப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் நாளுக்கு மூன்று மணி நேரம் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட நாட்கள் 200 என்றால் ஆண்டுக்கு 600 மணி நேரம். அதே வீட்டில், அதே அம்மாவுக்குப் பிறந்த என் அண்ணன் அந்த நேரத்தில் டியூஷனில் இருந்தான்.

அம்மா வேலைக்குப் போனது எங்கள் இருவருக்கும் பொதுவான காரணி. அது அவனுடைய மாலை நேரத்தைத் தொடவில்லை, என்னுடையதை எடுத்துக்கொண்டது. அப்படியானால் காரணி அம்மாவின் வேலை அல்ல. அவள் விட்டுப்போன அடுப்பை வீட்டில் யார் கையில் கொடுத்தார்கள் என்பதுதான். அப்பாவும் ஐந்து மணிக்கு வீடு திரும்பிவிடுவார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்தி கேட்பார். அவர் அரிசி களைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த மாவட்டத்தில் எந்தப் படிவமும் கேட்டதில்லை.

படிவத்தின் முதல் கேள்வி ஆர்வம் பற்றியது. 'அறிவியல் பாடத்தில் உனக்கு ஆர்வம் உண்டா?' பெண் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் குறைவு என்று பெருமூச்சு விடும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

எமரால்டு போன்ற ஊரில் ஒரு பிள்ளை அறிவியலைப் பார்க்காமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது. எங்கள் ஊர் அணையின் தண்ணீர் சுரங்கவழியில் போய் குந்தாவில் மின்சாரமாகிறது. கனடாவின் உதவியோடு கட்டிய மின் திட்டம் அது. 'நிலை ஆற்றல் என்றால் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அந்த அணைக்கரையில் நிற்க வைத்தே பதில் சொல்லலாம். ஊட்டியிலிருந்து எமரால்டுக்கு வரும் வழியில் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970 முதல் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மலைச்சரிவின் சாய்வு ஏறக்குறைய 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகையும் 11 பாகை. அதனால்தான் அங்கே கட்டினார்கள். கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பி ஒரு விண்மீனை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இதை நான் தெரிந்துகொண்டபோது முப்பத்தைந்து வயது. பள்ளி நாட்களில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதோ பெரிய வேலி என்று நினைத்திருந்தேன்.

தேயிலை ஃபேக்டரியில் இலையை வாட்டுவதிலிருந்து உலர்த்துவதுவரை எல்லாமே வேதியியல். அங்கே பெர்மெண்டேஷன் என்று சொல்லும் கட்டத்தில் நடப்பது ஆக்சிஜனேற்றம். இலையின் நொதியும் காற்றும் சேர்ந்து பச்சையைச் செம்பாக மாற்றுகின்றன. வாசனையை வைத்தே எந்தக் கட்டம் என்று சொல்லும் பெண்கள் எங்கள் லைனில் இருந்தார்கள். வானத்தில் மேகம் இருந்தால் அம்மா "இன்னைக்குப் பனி கொட்டாது" என்பாள். தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், மேகம் போர்த்தியிருந்தால் விடாது. வெப்பக் கதிர்வீச்சு என்று பாடத்தில் இருப்பது அதுதான். பாடமும் இருந்தது, பனியும் இருந்தது, அம்மாவுக்குத் தெரிந்ததும் இருந்தது. மூன்றையும் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஆர்வம் இல்லையா என்று மட்டும் கேட்டார்கள்.

நான் அறிவியலைப் பயன்படுத்திய முதல் நாளைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில், ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்குத் துணையாகக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் போனேன். கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டுவார்கள். முள் ஒரு எண்ணைக் காட்டும். எழுதுகிறவர் சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் மூன்று கிலோ கழித்து எழுதுவார். மழை இல்லாத நாளிலும் ஈரம் கழியும். நான் அம்மாவின் காலிச் சாக்கை எடுத்துத் தராசில் மாட்டினேன். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. "அண்ணே, சாக்கு இவ்வளவுதானே இருக்கு?" என்றேன். அவ்வளவுதான். "படிக்கிற புள்ளைக்கு இங்க என்ன வேலை?" என்று சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அம்மாவை அட்டை மொய்க்கும் செங்குத்துச் சரிவுக்கு அனுப்பினார்கள்.

நான் அழுதேன். அம்மா என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து, ராத்திரி, ஒரு தாளில் அந்தத் தராசின் முகத்தை வரையச் சொன்னாள். ஒவ்வொரு கோடும் எத்தனை என்று கேட்டாள். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் முறை வரும்போது எழுதுகிறவருக்கு முன்னால் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிடுவாள். கழிவு நின்றுவிடவில்லை. ஆனால் குறைந்தது.

தாயின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் இதை எங்கே எழுதுவது? அறிவியல் எங்கள் பெண்களுக்கு ஏன் வராமல் பார்த்துக்கொள்ளப்பட்டது என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அளக்கத் தெரிந்த பெண் அசௌகரியமானவள்.

சட்டம் என்ன சொன்னது என்றும் பாருங்கள். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு தோட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25-க்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளிக்கு அரசு விதி வகுக்கலாம் என்றது. பன்னிரண்டு வயதுவரை மட்டும். அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையைத் தோட்டத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பள்ளிக்கூடம் முடியும் வயதும் கூடை மாட்டும் வயதும் ஒன்று. வேலை பற்றிய அந்தப் பிரிவு 1986-இல்தான் நீக்கப்பட்டது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதுவரை வந்து நிற்கிறது. எட்டாம் வகுப்பு. அறிவியல் கனக்கத் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில். எங்கே ஆய்வகமும் பஸ்ஸும் பாட ஆசிரியரும் தேவையோ அங்கே உரிமை முடிந்துபோகிறது. அதற்குமேல் அது குடும்பத்தின் விருப்பம். குடும்பத்தின் விருப்பம் யார் பக்கம் சாயும் என்று பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் அறிவியலில் எனக்கு 81. இரண்டு வருடம் முன்னால் அதே தேர்வில் அண்ணனுக்கு 43. அவனை டவுனில் ஹாஸ்டலில் சேர்த்து ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க வைத்தார்கள். எனக்கு வேறொரு சரிவில் பஸ் போகும் பள்ளி. அங்கே இருந்தது வரலாறும் பொருளியலும். "பொம்பளப் புள்ளைக்கு இது போதும், கடைசி பஸ்ஸுக்கு வந்துடலாம்" என்றார் அப்பா. அண்ணன் இயற்பியலில் இரண்டு முறை தோற்று, படிப்பை விட்டான். இப்போது கேரட் ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. விருப்பமில்லாத ஒன்றை ஆண் என்பதற்காக அவன் தலையிலும் கட்டினார்கள்.

நான் தமிழ் படித்தேன், முனைவர் பட்டம் வாங்கினேன், கவிதை எழுதுகிறேன். தமிழ் எனக்கு எல்லாம் தந்தது. ஆனால் முதலில் அது விருப்பமாக என்னிடம் வரவில்லை, மிச்சமாக வந்தது. மற்ற கதவுகள் சாத்தியிருந்ததால் இந்தக் கதவு வழியாக உள்ளே வந்தேன். என் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பெண்களில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். 'மேடம், நான் பயாலஜி எடுக்கணும்னு நெனச்சேன்' என்று தொடங்கும் வாக்கியத்தை ஒவ்வொரு ஜூனிலும் கேட்கிறேன்.

உடனே ஒரு குரல் எழும். ஒவ்வொரு மே மாதமும் தேர்வு முடிவு வந்தால் மாணவியரே அதிகம் தேர்ச்சி என்றுதானே தலைப்பு வருகிறது, பிறகென்ன குறை? வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எதில் தேர்ச்சி? புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பிப்பதில் பெண்கள் கெட்டிக்காரிகள். சொன்னதைச் சொன்னபடி செய் என்று சிறு வயதிலிருந்தே பழக்கப்பட்டவர்கள். பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்து 75, செய்முறை 25. ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். பையன்கள் அடுப்பைப் பற்றவைத்து, குழாயைப் பிடித்து, நுண்ணோக்கியைத் திருகிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் பின்னால் நின்று ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் அழகாகப் படம் வரைவார்கள். பையன்களின் நோட்டுக்கும் சேர்த்து. கடைசியில் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். கருவியைத் தொட்டவளா, படம் வரைந்தவளா என்று மார்க் ஷீட்டில் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியும் அதில் இருக்கிறது. தாவரங்களின் பகுதியை விரிவாக நடத்திவிட்டு, மனிதர்களின் பகுதி வந்ததும் "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பும் வகுப்புகளை என் தலைமுறையும் கண்டது, என் மாணவியரின் தலைமுறையும் கண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அடிவயிற்று வலியோடு ஈரத் துணியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அறிவியல் என்ன சொல்லிவிட்டுப் போகிறது? உன் உடம்பு பாடத்தில் இல்லை என்று. எங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணி காயாது. காற்றில் ஈரப்பதம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மெதுவாக நடக்கும், அதுவும் அறிவியல்தான். துணி காயாத நாட்களில் நாங்கள் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேடு அதை ஆர்வமின்மை என்று எழுதிக்கொண்டது.

மழை என்றதும் நினைவு வருகிறது. 2019 ஆகஸ்டில் எங்களுக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன. அந்த எண் நாடு முழுக்கச் செய்தியானது. மழையை அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே வரைந்து, தரப்படுத்தி, செய்யவைத்ததில் பெரும் பங்கு ஒரு பெண்ணுடையது. அன்னா மாணி, 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். அவரும் மலைப் பெண். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத் தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா வேண்டும் என்று கேட்டு வாங்கியவர். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. அதே ராமன், 1933-இல் கமலா சோஹோனியைப் பெண் என்பதற்காகச் சேர்க்க மறுத்து, அவர் விடாமல் நின்ற பிறகு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். அந்தக் கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

இவர்களை மாணவியருக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது முழுவதையும் சொல்ல வேண்டும். அன்னா மாணி ஏலத்தோட்ட உரிமையாளரின் மகள். தோட்டு வேண்டாம் என்று சொல்ல முதலில் தோடு வந்திருக்க வேண்டும். அந்த ஏலக்காயைப் பறித்தவளின் மகளுக்கு எட்டாவது பிறந்தநாளில் என்ன கிடைத்தது? பெண் என்ற ஒரே சொல்லுக்குள் இவர்கள் இருவரையும் போட்டு மூடிவிட்டால் நம் பெண்ணியமும் அந்தப் படிவத்தைப் போலத்தான் ஆகும்.

சரி, ஒரு பெண் எல்லாவற்றையும் தாண்டிவிட்டாள் என்று வையுங்கள். அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா தாண்டினாள். தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. தாய் இல்லை. காரணிகளின் பட்டியலில் எதை எடுத்தாலும் அவள் தோற்றிருக்க வேண்டும். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்தாள். அந்த வருடம் அளவுகோலை மாற்றினார்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவர்கள் பழகியிருந்த நீட் தேர்வுதான் கணக்கு என்றார்கள். உச்சநீதிமன்றம்வரை போனாள். 2017 செப்டம்பர் 1 அன்று நாம் அவளை இழந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மூன்று வருடம் தாமதமாக. அடைவு, அடைவு என்று பேசுகிறோமே, அடைந்தவளை என்ன செய்தோம்?

மொழியைப் பற்றி நான் பேசாவிட்டால் யார் பேசுவது? தமிழ்வழியில் படிப்பதால்தான் அறிவியல் வரவில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைக் கேட்டாலே பாதிப் பொருள் விளங்கும். அந்தச் சொல்லோடு பன்னிரண்டு வருடம் நடந்து வந்தவளைக் கல்லூரி வாசலில் ஒரே நாளில் ஆங்கிலத்துக்குள் தள்ளிவிடுகிறோம். பாலம் கட்டவேண்டியது கல்லூரியின் வேலை. அதே நேரம் தமிழாசிரியராக நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எங்கள் மலையில் தாய்மொழிவழி என்றால் தமிழ்வழி மட்டும் அல்ல. படுகு பேசும் பிள்ளைக்கும், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் பிள்ளைக்கும் தமிழும் பள்ளிக்கூடத்தில் வந்து கற்ற மொழிதான். அவர்களுக்குப் பாடம் புரியவில்லை என்றால் மந்தம் என்று எழுதுவதற்கு முன் நம் மொழிப் பெருமையைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும்.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வதும் எளிது. உயர்நிலைப் பள்ளியில் தாவரவியல் படித்து வந்த ஒரு பட்டதாரி ஆசிரியைதான் இயற்பியலையும் வேதியியலையும் எடுக்கிறார். அவரும் காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, இரண்டு பஸ் மாறி மலையேறி வருகிறவர். அவருக்கு ஆய்வக உதவியாளர் வேண்டும், பொருள் வாங்கப் பணம் வேண்டும், பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும். அதையெல்லாம் கேட்காமல் 'ஆசிரியரின் கற்பித்தல் திறன்' என்று ஒரு கட்டம் போட்டு அவரையும் காரணியாக்கிவிடுகிறோம்.

அன்று அந்த மாணவியை உட்காரச் சொன்னேன். ஒன்பதாம் கேள்வியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன். வீட்டில் சமைப்பவர் யார்? தண்ணீர் எடுப்பவர் யார்? உன் சகோதரனுக்கு டியூஷன் உண்டா, உனக்கு உண்டா? உன் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு இருக்கிறதா, இல்லையென்றால் இருக்கும் பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஆய்வகத்தில் கருவியை உன் கையால் தொட்டாயா? மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்கு வர முடியவில்லை, ஏன்?

அவள் படித்துப் பார்த்தாள். "மேடம், இதெல்லாம் கேட்டா கைடு ஒத்துக்க மாட்டாரு. இதுக்கு ஸ்கேல் கிடையாதும்பாரு" என்றாள்.

"உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேரட் கழுவப் போறாங்க, மேடம்" என்றாள். பிறகு என் பேனாவையே வாங்கி, நான் எழுதிய கேள்விகளுக்குக் கீழே அவளே ஒன்று எழுதினாள். 'உன் தாய் எந்த வகுப்பில் பள்ளியை விட்டார்? அவரை நிறுத்தியது யார்?'

ஸ்கேல் இல்லை என்றால் செய்துகொள்ள வேண்டியதுதான். இதை வாசிக்கும் மாணவியரில் நாளை படிவத்தோடு பள்ளிகளுக்குப் போகப்போகிறவர்கள் இருப்பீர்கள். யாரோ போட்ட பழைய கேள்விகளை நகலெடுக்காதீர்கள். முதலில் உங்கள் வீட்டில் அந்த ஆறேழு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அம்மாவிடமிருந்து தொடங்குங்கள், அப்பாவிடமும் கேளுங்கள்.